உடனோடிக் குறிப்பாயம்: சரிவருமா?

புதுவை ஐயாவுக்குக் கடலூரிலிருந்து வணக்கம்.

‘frame of reference’ என்பதற்கு நீங்கள் சொன்ன ‘நோக்குச் சட்டகம்’ எனக்கு ஒப்பவில்லை. பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலிலேயே, இடத்தையும் நேரத்தையும் எதைப் பொறுத்து அளக்கிறோமோ அந்த அமைப்புக்கு ‘குறிப்பாயம்’ இருக்கிறது. ஆய அச்சு, ஆயத்தொலைவு என்று படித்து வந்த பிள்ளைக்கு அது ஒரே குடும்பத்துச் சொல். ‘நோக்கு’ என்று தொடங்கினால், எல்லாம் பார்க்கிறவர் கருத்தைப் பொறுத்தது என்ற பழைய குழப்பம் வந்து ஒட்டிக்கொள்ளும். சார்பியல் அப்படிச் சொல்லவே இல்லை; வெற்றிடத்தில் ஒளியின் வேகம் எல்லா நிலைமக் குறிப்பாயங்களிலும் (முடுக்கம் இல்லாதவை) ஒன்றுதான். குறிப்பாயத்துக்கு வேண்டியது அளவுகோலும் கடிகாரமும்.

உங்கள் ஊர்க் கதையையே பாருங்கள். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தபோது பிரெஞ்சு வானியலர் லெ ஜென்டில் நடுக்கடலில் இருந்தார். புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் போயிருந்ததால் இறங்க வழியில்லை. வானம் தெளிவாக இருந்தது, கடப்பதைப் பார்க்கவும் செய்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரத்தை நம்ப முடியாது, கப்பல் நின்ற தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. நோக்கர் இருந்தார், உருப்படியான குறிப்பாயம் இல்லை. (1769-இல் புதுச்சேரியிலேயே காத்திருந்தும் மேகம் மறைத்தது தனிச் சோகம்.)

உண்மையில் சொல் தேவைப்படுவது அண்டவியலில். பேரண்டத்தின் விரிவோடு சேர்ந்து போகிற குறிப்பாயத்தை (comoving frame) என்னவென்று சொல்வது? அதில் விண்மீன் மண்டலங்களின் ஆயத்தொலைவு ஏறத்தாழ மாறாது, இடைவெளிதான் பெருகும். பேரண்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்து மிஞ்சிய கதிர்வீச்சான அண்ட நுண்ணலைப் பின்னணி எத்திசையிலும் ஏறக்குறைய ஒரே 2.725 கெல்வினாகத் தெரிவது அங்குதான். சூரியனோ அதைப் பொறுத்து நொடிக்குச் சுமார் 370 கி.மீ. ஓடுகிறது. அதனால் சிம்ம விண்மீன் குழுவை ஒட்டிய பக்கம் வானம் சுமார் 3.4 மில்லிகெல்வின் கூடுதல் வெப்பம், எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவு.

‘உடன்விரி’ என்றால் மண்டலமே ஊதிப் பெருப்பது போலாகிவிடும். முன்னோடி மாதிரி ‘உடனோடி’ என்றால்?

*

தம்பி, குறிப்பாயம் சரி, விட்டுக்கொடுத்தேன். ‘உடனோடி’தான் இடிக்கிறது. ஆயத்தொலைவு மாறாது என்று நீங்களே சொல்லிவிட்டு ஏன் ஓட விடுகிறீர்கள்? அப்புறம், தனிச்சலுகை பெற்ற குறிப்பாயம் கிடையாது என்ற சார்பியல் என்ன ஆயிற்று என்று மாணவர் கேட்பாரே?

*

ஐயா, விதிகள் எல்லாக் குறிப்பாயத்திலும் ஒன்றே. பொருளும் கதிர்வீச்சும் பரவியிருக்கும் விதம்தான் இந்த ஒன்றைக் கணக்குக்கு வசதியாக்குகிறது; விதி எதுவும் மாறவில்லை. ஓட்டம் இடிக்கிறது என்றால் ‘விரிவிணை ஆயம்’ என்று வைக்கலாமா? விரிவிணை ஆயத்தொலைவு, விரிவிணை நோக்கர் என்றும் நீட்டலாம். வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.