அப்பாவுக்கு சோத்த நிறுத்துனதுல இருந்து ராத்திரி வேர்த்துக் கொட்டுது, என்ன பண்றது?

கரூர்_பையன்:
அப்பாவுக்கு 63 வயசு, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. போன மாசம் எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற ரத்த டெஸ்ட்) 9.1 வந்துச்சு, நான் பயந்துபோய் இனி வீட்ல சோறே கிடையாதுன்னு சொல்லிட்டேன், காலைல கேழ்வரகு கூழ், மதியம் ரெண்டு சப்பாத்தி, ராத்திரி வெறும் வெள்ளரிக்காய் கேரட்தான். மாத்திரை பழையபடி மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். இப்ப ரெண்டு வாரமா ராத்திரி 2 மணிக்கு முழிச்சுக்கறார், உடம்பெல்லாம் வேர்வை, கை நடுங்குதுங்கறார். ஒருநாள் அடுப்படில இருட்டுல நின்னு வெல்லம் தின்னுட்டு இருந்தார், அதுக்கு நான் வேற கத்திட்டேன். பழகுற வரைக்கும் இப்படித்தான் இருக்குமா?

நர்ஸ்அக்கா:
பழகுற விஷயமே இல்ல தம்பி, பாத்தா லோ சுகர் மாதிரி இருக்கு. கிளிமிபிரைடு கணையத்துல இருந்து இன்சுலின சுரக்க வைக்கிற மாத்திரை, வயித்துல சாப்பாடு இருந்தாலும் இல்லாட்டியும் அது பாட்டுக்கு வேலை பாக்கும். நீங்க சோத்த கொறச்சீங்க, மாத்திரை கொறயல. பாவம், அவர் வெல்லத்த திருடல, உடம்பு கேட்டிருக்கு. இன்னிக்கு ராத்திரி சாப்பாடு குடுங்க. முழிச்சார்னா குளுக்கோமீட்டர்ல பாருங்க, 70க்கு கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா திரும்ப குடுங்க. நினைவில்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, நேரா 108. மாத்திரைய நீங்களா நிறுத்தவும் வேணாம், நாளைக்கே டாக்டர்ட்ட சாப்பாட்ட இப்படி மாத்திட்டோம்னு சொல்லுங்க.

சமையல்கட்டு:
அக்கா சொன்னதுதான் முக்கியம். அப்புறம் அந்தக் கூழ்... கேழ்வரகுன்னா சுகர் ஏறாதுன்னு யாரு கெளப்பி விட்டாங்களோ, நைசா அரைச்ச மாவ கரைச்சு சொம்பு நெறய குடிச்சா ஏறத்தான் செய்யும். எங்க மாமனாருக்கு சோத்த நிறுத்தவே இல்ல, கப்புல அளந்து ஒரு கப், தட்டுல பாதி பொரியல் கீரைன்னு வெப்பேன், காய முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் சோறு, சாப்பிட்டதும் டிவி முன்னாடி உக்காராம தெருவுல 15 நிமிஷம் நடை. முக்கியமா வீட்ல எல்லாருக்கும் அதே தட்டுதான், அவருக்கு மட்டும் பத்தியம்னா யாருக்குத்தான் கோவம் வராது? டீக்கடையையும் விசாரிங்க, எங்காளு அங்க தினம் 5 டீ, சர்க்கரை தூக்கலா!

கரூர்_பையன்:
நேத்து ராத்திரி பாத்தேன் அக்கா, 58. கை கால் ஓடல. நீங்க சொன்னபடி சர்க்கரை தண்ணி குடுத்தேன், 15 நிமிஷத்துல 94 வந்துச்சு. காலைல டாக்டர் கிளிமிபிரைட பாதியா கொறச்சுட்டார், ராத்திரி ரெண்டு இட்லி குடுக்க சொன்னார், மூணு மாசம் கழிச்சு மறுபடி எச்பிஏ1சி. அப்பாகிட்ட சாரி கேட்டேன், ஒண்ணும் பேசாம இட்லிக்கு சட்னி கேட்டார். டீக்கடையும் விசாரிச்சேன், 4 டீயாம்.