வி.பி. மேனன்: புதுக்கோட்டை இணைந்தது 1947-லா, 1948-லா?

மயிலை வாசகர்:
போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அடையாறில் ஞாயிறுதோறும் வகுப்பு நடக்கிறது. புதுக்கோட்டை 1947-ல் இணைந்தது என்று ஒரு குறிப்பில் இருக்கு, 1948 மார்ச் 3 என்று இன்னொன்றில் இருக்கு. எது சரி? பட்டேலின் செயலாளர் வி.பி. மேனன் இதில் செய்த வேலை என்ன என்பதையும் யாராவது விளக்குங்களேன்.

கோப்புக்கட்டு:
இரண்டும் சரிதான் சார், ஏன்னா கையெழுத்தே இரண்டு. முதலாவது 1947-ல் போட்ட சேர்க்கைப் பத்திரம். அதில் சமஸ்தானம் விட்டுக்கொடுத்தது பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மட்டும். இரண்டாவதுதான் நிர்வாகத்தையே ஒப்படைக்கும் இணைப்பு ஒப்பந்தம். 1948 மார்ச் 3 அந்த இரண்டாவதன்படி நிர்வாகம் கைமாறிய தேதி. அன்றுதான் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது.

மேனனின் கைவண்ணம் முதல் பத்திரத்தில் தெரியும். 1935 இந்திய அரசுச் சட்டத்தில் சமஸ்தானங்கள் கூட்டாட்சியில் சேர வழி இருந்தது, நடைமுறைக்கு வரவே இல்லை. அரசியல் சீர்திருத்த ஆணையராக இருந்தவருக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். பிரிட்டிஷ் மேலாதிக்கம் ஆகஸ்ட் 15 அன்று காலாவதியாகிவிடும்; அதற்குள் மன்னர்கள் மறுக்க முடியாதபடி கேட்கணும். பாதுகாப்பும் வெளியுறவும் ஏற்கெனவே அவர்கள் கையில் இல்லை. இல்லாததைக் கொடுக்க யாருக்கு வலிக்கும்? பணப் பொறுப்பும் கேட்கவில்லை. கூடவே ஒரு கொக்கி: தபால், ரயில், சுங்க ஏற்பாடுகள் பழையபடி தொடர இன்னொரு ஒப்பந்தம் வேண்டும், சேர்க்கைப் பத்திரத்தில் கையெழுத்து போட்டால்தான் அது கிடைக்கும். ஹைதராபாத் மட்டும் சேராமலே 1947 நவம்பரில் அதைப் பெற்றது.

எழும்பூர் ராமன்:
இணைப்பு ஒப்பந்தத்தில் நிர்வாகத்தைக் கொடுத்த மன்னருக்கு அரசு ஆண்டுதோறும் தந்த தொகைதான் மன்னர் மானியம். வகுப்பில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். சமஸ்தானத்தின் ஆண்டு வருமானத்தில் முதல் 1 லட்சத்துக்கு 15 சதவீதம், அடுத்த 4 லட்சத்துக்கு 10, அதற்கு மேல் 7.5. உச்சவரம்பு 10 லட்சம். வருமானம் 10 லட்சம் என்றால் 15,000 + 40,000 + 37,500 = 92,500 ரூபாய். மொத்த வருமானத்துக்கும் ஒரே சதவீதம் போடுவதுதான் வழக்கமாக வரும் தப்பு. பெரிய சமஸ்தானங்களுக்கு விலக்கு உண்டு: திருவாங்கூருக்கு 18 லட்சம், மைசூருக்கு 26 லட்சம்.

இழுபறி சொத்தில்தான். அரண்மனை, நிலம், ரொக்கம் என்று எதெல்லாம் மன்னரின் சொந்தம், எது சமஸ்தானத்துடையது? மன்னர் பட்டியல் கொடுக்கணும். தகராறு வந்தால், அரசு நியமிக்கும் நீதித்துறை அனுபவமுள்ள அதிகாரி சொல்வதே முடிவு.

கோப்புக்கட்டு:
ராமன் சார் சொன்னதோடு ஒரு சங்கடத்தையும் சேர்த்துச் சொல்லணும். சேர்க்கைப் பத்திரத்தின் 8-வது பிரிவு, மன்னரின் இறையாண்மைக்கு இதனால் பாதிப்பில்லை என்கிறது. நாலே மாதத்தில், 1947 டிசம்பர் 14 அன்று, கட்டாக்கில் ஒரிசா மன்னர்களிடம் இணைப்பு ஒப்பந்தம் நீட்டப்பட்டது. மறுநாள் நாக்பூரில் சத்தீஸ்கர் மன்னர்களிடம். குட்டி சமஸ்தானங்களால் தனியாக நிர்வாகம் நடத்த முடியாது, மக்கள் கிளர்ச்சியும் இருந்தது, முடிவு நியாயமானதே. ஆனாலும் கொடுத்த வாக்கு மாறியது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

மயிலை வாசகர்:
தெளிவாயிற்று. மானியம் எதுவரை கிடைத்தது?

எழும்பூர் ராமன்:
அரசியலமைப்பின் 291-வது பிரிவு அதற்கு உத்தரவாதம் தந்தது. 1971-ல் 26-வது திருத்தம் அதை நீக்கியது. மேனன் 1965-லேயே காலமாகிவிட்டார்.