விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருள்: மதர்போட்டைச் சூடாக்கக் கொடுக்கலாமா?

கன்னியா ஆசிரியை:
வணக்கம். என் லப்டொப்பை இயக்கினால் மின்விளக்கு எரிகிறது, விசிறியின் ஓசையும் கேட்கிறது. ஆனால் திரையில் நிறுவனத்தின் சின்னம்கூட வருவதில்லை. சென்ற வாரம் கறண்ட் போய் வந்த மாலையிலிருந்து இந்த நிலைதான். திருகோணமலை நகரிலுள்ள ஒரு திருத்துமிடத்தில் காட்டினேன். அவர்கள் பின்மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், மதர்போட் (பாகங்களையெல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகை) பழுதாகிவிட்டது என்றும், அதிலுள்ள சிப்பைச் சூடாக்கினால் இயங்கும் என்றும் சொன்னார்கள். தவணைப் பரீட்சைக்கான வினாத்தாள்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சூடாக்கக் கொடுக்கலாமா?

வடகரை வீதித் திருத்துநர்:
கொடுக்கலாம், டீச்சர். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். வைகாசியிலிருந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இங்குள்ள வெக்கையையும், ஆண்டு முழுவதும் உப்போடு வரும் கடற்காற்றையும் தாங்கி ஓடும் இயந்திரங்களில், படத்தை உருவாக்கும் சிப்பை மதர்போட்டோடு இணைக்கும் பற்றாசுக் குண்டுகள் (சிறு சோல்டர் உருண்டைகள்) விரிசல் விட்டு இணைப்பு விட்டுப்போவது புதிதல்ல. புதிய மதர்போட் என்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், அதன் விலைக்கு இன்னுங்கொஞ்சம் சேர்த்தால் பழைய லப்டொப் ஒன்றையே வாங்கிவிடலாம். அதனால், சூடாக்கியபின் ஆறு மாதம் ஓடினாலும் வாடிக்கையாளருக்கு அது இலாபமே.

சீனக்குடா:
நான் இதை முற்றாக மறுக்கிறேன். திரை இருண்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பாகம் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இயந்திரம் உள்ளே முழுமையாக இயங்கியும் படம் மட்டும் வராமல் இருக்கிறதா, அல்லது இயந்திரமே தொடங்காமல் நிற்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். அதற்குக் காசு தேவையில்லை. இயக்கி இரண்டு நிமிடம் கழித்து கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் உங்கள் விரலுக்குப் பதில் சொன்னால், பெரும்பாலும் உள்ளே உயிர் இருக்கிறது. அடுத்து விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் வரைகலை இயக்கி (படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருள்) மீளத் தொடங்கும், விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு சிறு ஒலியும் கேட்கும். பின்னர் அறையை இருட்டாக்கி, போனின் ரோச் வெளிச்சத்தைத் திரைமீது சரிவாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னொளி (திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் விளக்கு) மட்டுமே இல்லை என்று பொருள். கடைசியாக, வீட்டுத் தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துவிட்டு இயக்குங்கள். அதில் படம் வந்தால் சிப் வேலை செய்கிறது என்று பொருள்.

இவற்றில் ஒன்றையும் செய்யாமல் சூட்டுத் துப்பாக்கியை (வெப்பக் காற்றை ஊதும் கருவியை) எடுப்பது திருத்த வேலை ஆகாது. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, லப்டொப்களில் பொதுவாக இருப்பது ஈயமில்லாப் பற்றாசு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியஸில் உருகியது, இது உருக ஏறத்தாழ 217 பாகை வேண்டும். அந்த வெப்பத்தைச் சீராக ஏற்றி இறக்கும் கருவி இல்லாமல் மேலிருந்து ஊதினால், மதர்போட் வளையும், பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் இணைப்பிகள் உருகும்.

வடகரை வீதித் திருத்துநர்:
கருவி இல்லாமல் ஊதுபவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் சூடாக்கிய பின் இயங்கி, வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு எடுத்துச் சென்ற இயந்திரங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் பாகைக் கணக்கைப் படித்துவிட்டு அவை ஓடவில்லையே.

சீனக்குடா:
இயங்கும் என்பதை நானும் மறுக்கவில்லை, எதனால் இயங்குகிறது என்பதே கேள்வி. என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில், தனது லப்டொப் வரைகலைச் சிப்கள் சிலவற்றின் உட்பொதியில் பயன்படுத்திய பொருள் பலவீனமானது என்று அறிவித்து, திருத்தச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. அந்தச் சிப்களில் விரிசல் விட்டவை மதர்போட்டுக்கும் சிப்புக்கும் இடையிலான குண்டுகள் அல்ல. சிப்பின் உள்ளே சிலிக்கன் துண்டைத் தாங்கும் மிக நுண்ணிய புடைப்புகளே விட்டுப்போயின. சூடாக்கும்போது அவை விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், சில வாரங்களில் மீண்டும் விடும். நீங்கள் இலாபம் என்று கணக்கிடும் ஆறு மாதத்தை யாரும் உத்தரவாதமாக எழுதித் தருவதில்லை.

நிலாவெளி விடுதி:
இருவரும் சிப்பிலேயே நிற்கிறீர்கள். கரையோரம் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது றாம் எனும் தற்காலிக நினைவகத் தகடு. எங்கள் விடுதி வரவேற்பறைக் கணினியில் இதே கோலம் வரும்போதெல்லாம் றாமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்து மீண்டும் செருகுவோம். திரை வந்துவிடும்.

சீனக்குடா:
றாமைக் கழற்றி மாட்டுவது நல்ல யோசனை. தேய்ப்பதுதான் வேண்டாம். அந்தப் பொன்முலாம் மிக மெல்லியது, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் குறையும், பிறகு அடியிலுள்ள உலோகம் உங்கள் கடற்காற்றில் இன்னும் விரைவாகக் கறுக்கும். தூய ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த துணி போதும். மற்றொன்று, டிடிஆர்5 எனும் புதிய வகை றாமைக் கழற்றி மாட்டினால் முதல் தடவை இயந்திரம் அதை அளந்து பழகும்வரை திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து அணைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் பலர்.

நிலாவெளி விடுதி:
அழிறப்பர் ஒரு பழக்கம், விடமாட்டேன். ஆனால் றாம் கெட்டால் விளக்குச் சைகை வரும் என்பதையாவது சொல்லியிருக்கலாம். டெல் லப்டொப்களின் புதிய வகைகள் பலவற்றில் மஞ்சள் விளக்கு இரண்டு முறையும் வெள்ளை விளக்கு மூன்று முறையும் சிமிட்டினால் றாம் அகப்படவில்லை என்று பொருள், இரண்டும் ஏழும் என்றால் திரைக் கோளாறு. மற்ற நிறுவனங்களுக்கும் இவ்வாறு அட்டவணைகள் உண்டு.

கன்னியா ஆசிரியை:
என் இயந்திரத்தில் விளக்கு எதுவும் சிமிட்டவில்லை. கப்ஸ் லொக் விளக்கு எரிந்து அணைகிறது. தொலைக்காட்சியில் இணைத்தபோது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, வினாத்தாள்களை உடனே பென் டிரைவில் எடுத்துவிட்டேன். ரோச் வெளிச்சத்தில் பார்த்தால் திரையில் மங்கலாக எழுத்துகள் தெரிகின்றன. மூடியை மெதுவாகச் சாய்த்தபோது ஓரிடத்தில் திரை பளிச்சென்று ஒளிர்ந்து உடனே அணைந்தது.

சீனக்குடா:
அப்படியானால் சிப் நன்றாகவே வேலை செய்கிறது, அதைச் சூடாக்கியிருந்தால் நல்ல சிப்பைத்தான் கெடுத்திருப்பார்கள். மூடி சாயும் கோணத்தோடு வெளிச்சம் வந்து போவதால், கீல் வழியாகத் திரைக்குச் செல்லும் கேபிளே என் முதல் சந்தேகம். 2016இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் திரைக் கேபிள் தேய்ந்து பின்னொளி கெட்டதால், ஆப்பிள் நிறுவனம் 2019 மே மாதத்தில் இலவசத் திருத்தத் திட்டத்தையே அறிவித்தது. கறண்ட் போய் வந்த அன்றே இது நேர்ந்தது தற்செயலாக இருக்கலாம்.

வடகரை வீதித் திருத்துநர்:
அவசரப்பட வேண்டாம். பின்னொளிக்குப் போகும் மின்சாரம் மதர்போட்டிலுள்ள ஒரு சிறு பியூஸ் வழியாகத்தான் செல்கிறது. அது போயிருந்தாலும் ரோச் வெளிச்சத்தில் இதேபோலத்தான் தெரியும். அப்போது மதர்போட் பழுது என்று அந்தக் கடைக்காரர் சொன்னது தவறாகாது.

சீனக்குடா:
பியூஸ் எரிந்திருந்தால் எந்தக் கோணத்திலும் வெளிச்சம் வந்திருக்காது. டீச்சருக்கு ஒருமுறை வந்திருக்கிறது. ஆகவே பியூஸ் முழுதாக இருக்கிறது.

வடகரை வீதித் திருத்துநர்:
அந்தக் கணக்கு சரிதான். சூடாக்குவது பற்றிய என் கருத்து மாறவில்லை, வேறு வழியற்ற இயந்திரத்துக்கு அது தேவைதான். இந்த இயந்திரத்துக்கு அது வேண்டியதில்லை. டீச்சர், யாரிடம் கொடுத்தாலும் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: பற்றரியின் இணைப்பை எடுக்காமல் திரைக் கேபிளைத் தொடக்கூடாது. மின்சாரம் இருக்கும்போதே அதைப் பிடுங்குவதால்தான் இதுவரை நன்றாக இருந்த பியூஸ் எரிகிறது. பிறகு உண்மையாகவே மதர்போட் வேலை ஆகிவிடும். கேபிளின் மேல் ஒட்டியிருக்கும் சிட்டையிலுள்ள இலக்கத்தைப் படமெடுத்து, அதே இலக்கத்தையே கேளுங்கள். 30 ஊசிக் கேபிளும் 40 ஊசிக் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது.

கன்னியா ஆசிரியை:
ஒருவேளை மதர்போட்டையே மாற்ற நேர்ந்தால், உள்ளே இருப்பவை அப்படியே கிடைக்குமா, ஐயா?

சீனக்குடா:
விண்டோஸ் 11 சாதனங்கள் பலவற்றில் சேமிப்பகம் தானாகவே குறியாக்கப்பட்டிருக்கும் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும்). மதர்போட்டை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், அது இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க முடியாது. தொலைக்காட்சி இணைந்திருக்கும் இப்போதே உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குக்குள் சென்று அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.