பிளாக்ஜாக் முதல் தடவை: அட்டவணை முழுசும் மனப்பாடம் பண்ணோணுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கமுங்க. அடுத்த மாசம் நாங்க நாலு பேரு ஷொர்ணூர்ல நேத்ராவதி ஏறி மட்காவ் போறோம். பனாஜியில மாண்டோவி ஆத்துல நிக்கிற கேசினோக் கப்பல்ல ஒரு ராத்திரி. ரம்மியும் இருபத்தெட்டும்தான் நமக்குத் தெரிஞ்ச சீட்டு. பிளாக்ஜாக்ல 21 தாண்டினா போச்சுங்கறது வரைக்கும் புரியுது. எப்ப சீட்டு வாங்கோணும், எப்ப நிக்கோணும்னு ஒரு அட்டவணை இருக்குதாமே, கிட்டத்தட்ட முந்நூறு கட்டம். அத்தனையும் மனப்பாடம் பண்ணோணுமா? டீலர் (கேசினோ சார்பா சீட்டுப் போடறவரு) மாதிரியே 17 வரைக்கும் வாங்கினா போதும்னு ஒருத்தர் சொல்றாரு. 12 வந்துட்டா அதுக்கு மேல வாங்கவே வாங்காதேங்கறாரு இன்னொருத்தர். எதைக் கேக்கறது? ஆளுக்கு 10,000 ரூபா எடுத்து வெச்சிருக்கோம்.

வாளையார் கணக்கு:

தம்பி, அந்த ரெண்டு யோசனையும் வேண்டாம். டீலர் மாதிரியே ஆடினால் 1,000 ரூபாய் பந்தயத்துக்குச் சராசரியாக 55 ரூபாய் கேசினோவுக்குப் போகும். 21 தாண்டவே கூடாது என்று 12-லேயே நின்றால் 40 ரூபாய் போகும். அட்டவணைப்படி ஆடினால், விதிகள் நல்ல மேசையில் 5 ரூபாய் அளவில் நிற்கும். டீலரைப் பார்த்து ஆடுவது ஏன் நஷ்டம் என்றால், முதலில் சீட்டு வாங்குவது நீங்கள். நீங்கள் 21 தாண்டின உடனே பந்தயம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. கேசினோவின் லாபம் முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

இருபத்தெட்டு ஆடின கைக்கு ஒரு பழக்கம் மாற வேண்டும். அங்கே ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2. இங்கே ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் பத்துதான். ஆகவே 13 வகைச் சீட்டில் நாலு வகை பத்து. அடுத்து வரும் சீட்டு எது என்று தெரியாதபோது, மற்ற எதையும் விடப் பத்து வர வாய்ப்பு அதிகம். டீலரின் முதல் ரெண்டு சீட்டில் ஒன்று திறந்தும் ஒன்று கவிழ்ந்தும் இருக்கும். திறந்த சீட்டு 6 என்றால் அடியில் பத்து இருந்து 16 ஆகிறது. 16-ல் அவர் நிற்க முடியாது, வாங்கியே ஆக வேண்டும். 5, 6 காட்டும் டீலர் நூற்றுக்கு 42 தடவை தாண்டிவிடுகிறார். 7 காட்டினால் அது 26-க்கு இறங்கிவிடும். அட்டவணையே இந்த 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் வரப்பைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஏஸை 1 என்றும் எண்ணலாம், 11 என்றும் எண்ணலாம். முதலில் பழக வேண்டியது ஏஸ் இல்லாத கைகள். 17-லும் அதற்கு மேலும் எப்போதும் நில்லுங்கள். 13 முதல் 16 வரை, டீலர் 2 முதல் 6 காட்டினால் நில்லுங்கள், 7 முதல் ஏஸ் வரை காட்டினால் வாங்குங்கள். 12 மட்டும் தனி. 4, 5, 6-க்கு நிற்க வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும், 2, 3-க்கும்கூட, வாங்க வேண்டும். பழகாதவர்கள் தவறுவது இதில்தான். 11-க்கு டீலர் 2 முதல் 10 வரை காட்டினால் டபுள் (பந்தயத்தை இரட்டித்து, ஒரே ஒரு சீட்டு வாங்குவது), 10-க்கு 2 முதல் 9 வரை டபுள், 9-க்கு 3 முதல் 6 வரை டபுள். 8-ம் அதற்குக் கீழும் வாங்க வேண்டியதுதான். கையில் வருவதில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும்.

ஜோடிகளில் நாலை மட்டும் இப்போதைக்கு மனதில் வையுங்கள். ஏஸ் ஜோடியும் 8 ஜோடியும் ஸ்ப்ளிட், அதாவது இன்னொரு பந்தயம் வைத்து ரெண்டு கையாகப் பிரிப்பது. பத்து ஜோடியும் 5 ஜோடியும் பிரிக்கவே கூடாது. 20 கையில் இருக்கும்போது பிரிப்பது ஜெயித்த கையை உடைப்பது. 5 ஜோடி என்பது 10, அதை டபுளாகப் பாருங்கள்.

ஏஸை 11 என்று எண்ணும் கைகளில் தகராறு 18-ல்தான், அதாவது ஏஸும் 7-ம். டீலர் 2, 7, 8 காட்டினால் நில்லுங்கள். 3 முதல் 6-க்கு டபுள். 9, 10, ஏஸுக்கு இன்னொரு சீட்டு வாங்குங்கள். 18 நல்ல கையாயிற்றே என்று தோன்றும், ஆனால் 9-க்கும் 10-க்கும் எதிரே அது தோற்கிற கை. ஏஸ் 1 ஆக மாறிக்கொள்ளும் என்பதால் ஒரு சீட்டு வாங்கியதும் 21 தாண்டாது.

பழகும் முறை: ரம்மிக் கட்டு ரெண்டு எடுத்து ஜோக்கரைத் தள்ளுங்கள். டீலர் இடத்தில் ஒரு சீட்டைத் திறந்து வைத்து, உங்களுக்கு ரெண்டு போட்டு, முடிவை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐம்பது கை தவறில்லாமல் போனால் டீலர் சீட்டை மாற்றுங்கள். ஏஸ் கை தானாக வருவது குறைவு. ஒரு ஏஸை நிலையாக வைத்து, மற்ற சீட்டை மட்டும் மாற்றிப் போட்டுப் பழகுங்கள்.

மீனாட்சிபுரம் ரயிலடி:

மேல சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா அதுக்கு முந்தி சிப்ஸ் (பணத்துக்குப் பதிலா மேசையில வைக்கற வில்லை) கவுண்டர்லயே பெரிய தொகை போகுது, அதைப் பாருங்க. 2023 அக்டோபர்லருந்து சிப்ஸ் வாங்குற முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர்லருந்து 40. ஜெயிச்ச சிப்ஸைத் திருப்பிப் பந்தயம் வெச்சா மறுபடி வரி இல்லை. ஆனா ஆடாம மிச்சம் இருக்கற சிப்ஸைத் திருப்பிக் கொடுத்தா கட்டுன வரி திரும்பாது. அதனால 10,000-ஐயும் ஒரே மூச்சுல மாத்தாதீங்க, கொஞ்சங் கொஞ்சமா மாத்துங்க. "இந்தப் பணத்துக்கு ஆடுற சிப்ஸ் எவ்வளவு கைக்கு வரும்?"னு கேட்டுட்டே பணத்தை நீட்டுங்க.

அடுத்தது மேசையில எழுதியிருக்கறது. பிளாக்ஜாக்குக்கு (முதல் ரெண்டு சீட்டே ஏஸும் பத்தும்) 3:2-ன்னா 1,000 வெச்சா 1,500 வரும். 6:5-ன்னா 1,200-தான். சுமாரா 21 கைக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் வருது, அத்தனை தடவையும் 300 ரூபா குறையும். அட்டவணையைக் கரைச்சுக் குடிச்சாலும் 6:5 மேசையில கேசினோவோட பங்கு மூணு, நாலு மடங்கு ஆயிடும். அங்க உக்காராதீங்க.

பந்தயத்தோட அளவு: 500 ரூபா மேசைன்னா 10,000-ங்கறது 20 பந்தயம்தான், வரி போக அதுவும் இல்லை. சரியா ஆடினாலும் 100 கையில 11, 12 பந்தயம் மேலயோ கீழயோ போறது சாதாரணம். மணிக்கு 60, 70 கை ஓடும். டபுளுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் கையில சிப்ஸ் மிச்சம் இருக்கோணும். கிடைக்கறதுலயே சின்ன மேசையாப் பாருங்க.

கை சாடை: வாங்கோணும்னா மேசையை விரலால தட்டுங்க. நிக்கோணும்னா உள்ளங்கையைக் கவுத்து அசைங்க. வாயால சொன்னாப் போதாது, மேல கேமரா பாக்கறது கையைத்தான். டபுளுக்கு அதே அளவு சிப்ஸைப் பக்கத்துல வைங்க, மேல அடுக்காதீங்க. சீட்டு விழுந்தப்புறம் பந்தயத்தைத் தொடக் கூடாது. பணத்தை டீலர் கையில கொடுக்காம மேசையில வைங்க.

பழகறதுக்குக் காசு வெச்ச ஆன்லைன் ஆட்டம் பக்கம் போகாதீங்க, 2025 சட்டத்துல நாடு முழுக்கத் தடை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரொம்ப நன்றிங்க அண்ணா. ரெண்டு சந்தேகம். 16 வந்து டீலர் 10 காட்டினா மனசு வரவே மாட்டேங்குதே? அப்புறம் டீலருக்கு ஏஸ் வந்தா இன்சூரன்ஸ் கேப்பாங்களாம், எடுக்கலாமா?

வாளையார் கணக்கு:

16-ல் வாங்கினால் 13-க்கு 8 வகைச் சீட்டு உங்களைத் தாண்ட வைக்கும். நின்றால் டீலர் தாண்டினால்தான் பிழைப்பு, 10 காட்டும் டீலர் அதிகம் தாண்டுவதில்லை. ரெண்டு வழியிலும் 1,000-க்கு 540 ரூபாய் அளவு போகும். வாங்குவதில் நஷ்டம் ஒரு துளி குறைவு. சரண்டர் உண்டு என்றால் பந்தயத்தில் பாதியைக் கொடுத்து அந்தக் கையை விட்டுவிடுங்கள், 500-ஓடு போகும். இந்தக் கைக்காக எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் இதில் தவறினாலும் சேதம் கொஞ்சம்தான். 11 கையில் வைத்துக்கொண்டு டீலர் 6-க்கு டபுள் போடாமல் விட்டால், ஒவ்வொரு 1,000-க்கும் 300-க்கு மேல் விட்டுவிடுகிறீர்கள். பயம் வர வேண்டிய இடம் அது.

இன்சூரன்ஸ் எடுக்காதீர்கள். டீலருக்கு பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாக வைக்கும் பந்தயம் அது. ஆறு கட்டில் டீலரின் ஏஸ் போக 311 சீட்டு, அதில் பத்து மதிப்புள்ளவை 96. 96 தடவை ரெண்டு பங்கு வரும், ஆக 192. மீதி 215 தடவை ஒரு பங்கு போகும். 23 பங்கு நஷ்டம், 7 சதவீதத்துக்கு மேல். உங்களுக்கே பிளாக்ஜாக் இருக்கும்போது "சம பணம் (பந்தயத்துக்குச் சமமான தொகை மட்டும் உடனே) வேண்டுமா?" என்று கேட்பதும் இதே பந்தயம்தான்.

மீனாட்சிபுரம் ரயிலடி:

ஒண்ணு விட்டுப் போச்சு. சில மேசையில டீலர் ரெண்டாவது சீட்டை நம்ம ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் எடுப்பாரு. அப்ப அவருக்கு பிளாக்ஜாக் வந்தா டபுள், ஸ்ப்ளிட்னு நாம சேத்து வெச்சதும் போயிரும். அந்த மாதிரி மேசையில 11-க்கு டீலர் 10 காட்டினா டபுள் வேண்டாம், சீட்டு மட்டும் வாங்குங்க. 8 ஜோடியை 10-க்கும் ஏஸுக்கும் பிரிக்காதீங்க, ஏஸ் ஜோடியை ஏஸுக்குப் பிரிக்காதீங்க. உக்காரறதுக்கு முந்தி ரெண்டு கை நின்னு பாத்தாலே டீலர் முன்னாடி ஒரு சீட்டா, ரெண்டு சீட்டான்னு தெரிஞ்சுரும்.