புதுப்பிப்பு: மும்பையிலும் பாங்காக்கிலும் பெற்றோருக்குச் சைவ உணவு

முட்டையும் மீன் சாஸும் கலவாத உணவு என் பெற்றோருக்கு மும்பையிலும் பாங்காக் பயணத்திலும் எங்கே கிடைக்கும் என்று இங்கே கேட்டிருந்தேன். அக்கறையோடு வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மும்பையில் சிக்கல் எளிதில் தீர்ந்தது. நீங்கள் சொன்னபடியே மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி, 1942 முதல் நடந்துவரும் ராமா நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். மாடியேற வேண்டும் என்பதை முதியவர்களோடு செல்வோர் கவனிக்கவும்.

பாங்காக்கில் உண்மையில் கைகொடுத்தது, மஞ்சள் நிறத்தில் சிவப்புத் தாய்லாந்து எழுத்து பொறித்த 'ஜே' (தாய்லாந்தின் கண்டிப்பான சைவ உணவு முறை) பலகையைத் தேடச் சொன்னவரின் யோசனைதான். வேறு கடைகளில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் வறுவலில் மீன் சாஸ் சேர்ந்தே வந்தது. அந்தப் பலகை உள்ள கடைகளிலோ இறைச்சி, மீன், முட்டையோடு பால், வெங்காயம், பூண்டு ஆகியவையும் விலக்கப்படுவதால் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஆனால் அங்கே சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்த துண்டுகள், தோலின் சுருக்கம் வரை வாத்திறைச்சி போலவே இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அம்மா தட்டையே தள்ளிவைத்துவிட்டார். டோஃபு, காளான், கீரை ஆகியவற்றைக் கைகாட்டிக் கேட்பதே நல்லது. தயிரும் அங்கே கிடைக்காது என்பதால், தயிர்சாதம் இல்லாமல் முடியாதவர்கள் பாஹுரத் பகுதியிலும் சீலோம் மாரியம்மன் கோயில் சுற்றுப்புறத்திலும் உள்ள இந்திய உணவகங்களுக்குச் செல்லலாம்.