ஓபன்பிஎஸ்டி நெட்வொர்க் வேகத்தை அளக்கும்போது கர்னல் அடுக்கை நிலையாக வைக்கலாமா?

பொட்டலம்:
என் திட்டம் இதுதான். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கரன்ட் கிளையை, அதாவது அன்றாடம் மாறும் அதன் சோர்ஸை, தினமும் கம்பைல் செய்ய வேண்டும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே 10 கிகாபிட் கேபிள் போட்டு வேகத்தை அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். கோடு எங்காவது இறங்கினால், அந்த நாளில் சோர்ஸில் பதிவான மாற்றங்களை, அதாவது கமிட்களை, பிரித்துப் பார்த்து எது காரணம் என்று பிடிக்க வேண்டும். பாக்கெட் ஃபார்வர்டிங் பல சிபியுக்களில் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்ததிலிருந்து நெட்வொர்க் பகுதியில் லாக்குகள் (ஒரே தரவை இரண்டு சிபியுக்கள் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகள்) மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு லாக்கை எடுத்ததால் வேகம் கூடியதா குறைந்ததா என்பதை சோர்ஸ் கோடைப் படித்து மட்டும் சொல்லிவிட முடியாது.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. 2017-இல் வந்த 6.2 முதல், ஒவ்வொரு பூட்டிலும் இயங்குதளத்தின் மையமான கர்னலின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் (கம்பைல் ஆன துண்டுகள்) வரிசை கலைக்கப்பட்டு, அடுத்த பூட்டுக்கான கர்னல் புதிதாக லிங்க் ஆகிறது, அதாவது துண்டுகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. எந்த ஃபங்ஷன் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற அடுக்கு இதனால் மாறுகிறது. பாதுகாப்புக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் சோர்ஸும் மெஷினும் மாறாதபோதே, ரீபூட் செய்தால் வேறு எண் வருகிறது. ஆகவே டெஸ்ட் மெஷினில் மட்டும் கலைப்பதை நிறுத்தி, ஒரே வரிசையில் லிங்க் செய்ய வேண்டும் என்கிறேன்.

மதகு:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வரிசையை நிலையாக வைத்தாலும் அடுக்கு நிலையாக இருக்காது. முன்னால் நிற்கும் ஒரு ஃபைலில் கொஞ்சம் கோட் கூடினால், பின்னால் உள்ள ஃபங்ஷன்கள் எல்லாம் நகர்கின்றன. சிபியு கேஷுக்குள் ஒரே தடவையில் எடுக்கும் 64 பைட் துண்டான கேஷ் லைன் ஒன்றுக்குள் அடங்கியிருந்த லூப் இப்போது இரண்டு லைன்களில் கிடக்கும். யூஎஸ்பி டிரைவரில் செய்த மாற்றம் டிசிபியை மெதுவாக்கியதாக உங்கள் வரைபடம் காட்டும். பாவம், அந்த டிரைவரை எழுதியவர் இல்லாத பிழையைத் தேடி ஒரு வாரம் அலைவார்.

2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. லிங்க் வரிசையையோ என்விரான்மென்ட் வேரியபிள்களின் அளவையோ மாற்றினாலே வேகம் மாறிவிடுகிறது. கம்பைலரின் ஓ3 என்ற வேகப்படுத்தும் நிலை, அதற்குக் கீழான ஓ2-வை விட நல்லதா என்ற முடிவே புரண்டுவிடும் அளவுக்கு அந்த வித்தியாசம் இருந்தது. ஒரே அடுக்கில் நூறு தடவை ஓட்டினாலும் கிடைப்பது அந்த ஒரு அடுக்கின் கதைதான். பல முறை ரீபூட் செய்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். பயனரும் கலைத்த கர்னலைத்தானே ஓட்டுகிறார்?

பொட்டலம்:
அண்ணா, நகர்வைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலையும் 4096 பைட் பேஜ் எல்லையில் தொடங்க வைத்தால், ஒரு ஃபைல் சற்றே வளர்ந்தாலும் மற்றவை கேஷ் லைனுக்குள் இருக்கும் இடம் மாறாது.

செலவையும் பாருங்கள். ஆயிரம் கமிட்களைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால் பத்துப் படிகளில் முடிந்துவிடும். படிக்குப் பத்து ரீபூட் என்றால் நூறு. சர்வர் மெஷின் பூட் ஆக எடுக்கும் நேரம் உங்களுக்குத் தெரியும்.

மதகு:
அதே பத்துப் படிகளில் ஒன்றில் "வேகம் குறையவில்லை" என்று தவறாகக் குறித்துவிட்டால், மீதித் தேடல் முழுக்கத் தவறான பாதியில்தான் நடக்கும். செலவை மிச்சம் பிடித்துத் தப்பான கமிட்டில் போய் நிற்பதை விட நூறு ரீபூட் மலிவு.

நூற்கண்டு:
கமிட் கமிட்டாக என்று இருவரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். ஓபன்பிஎஸ்டியின் சோர்ஸ் இருப்பது சிவிஎஸ் என்ற பழைய வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருளில். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி வரலாறு. ஒரே மாற்றம் ஐந்து ஃபைல்களைத் தொட்டால், நேரக்குறிகள் சில வினாடி தள்ளி விழலாம். தேதியும் நேரமும் கொடுத்து எடுக்கும்போது பாதி மாற்றத்தோடு சோர்ஸ் கையில் வந்தால் கம்பைலே ஆகாது. ஆகிவிட்டால் அதைவிட மோசம், யாரும் எழுதாத ஒரு கர்னலை அளந்துகொண்டிருப்பீர்கள். முதலில் கமிட் செய்தியை வைத்து ஃபைல்களைக் குழுவாகச் சேருங்கள். அடுக்கைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

எல்லைச்சாமி:
ஃபயர்வால் பார்ப்பவனாக ஒன்று சொல்கிறேன். நீங்கள் எதை அளக்கப்போகிறீர்கள் என்று இதுவரை யாரும் பேசவில்லை. ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ வழக்கமான 1500 பைட்டாக இருந்தால், 10 கிகாபிட் லிங்கில் டிசிபி டேட்டா ஏறக்குறைய 9.4 கிகாபிட்டோடு நின்றுவிடும். அந்த உச்சியைத் தொட்டபின் கர்னல் எவ்வளவு மோசமானாலும் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவி அதே எண்ணைத்தான் காட்டும். சிபியு 40 சதவீதத்திலிருந்து 70-க்கு ஏறியிருக்கும், வரைபடத்தில் கோடு நேராகவே போகும்.

எனக்கு வலிப்பது சின்ன பாக்கெட்தான். 64 பைட் ஃப்ரேம்கள் 10 கிகாபிட்டில் வினாடிக்கு 1 கோடியே 48 லட்சம் வரை வரலாம். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது சுமார் 67 நானோவினாடி. ஓபன்பிஎஸ்டியின் ஃபயர்வாலான பிஎஃப்பின் விதிகளோடு ஃபார்வர்டிங் செய்யும்போது வினாடிக்கு எத்தனை பாக்கெட் போகிறது, சிபியு எவ்வளவு செலவாகிறது என்ற இரண்டும் இல்லாத வரைபடம் என் போன்றவர்களுக்குப் பயன்படாது.

பொட்டலம்:
இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். சின்ன யுடிபி பாக்கெட், பிஎஃப் போட்டும் போடாமலும், ஐபி 4, 6 இரண்டிலும். கூடவே சிபியு நேரம்.

ஆனால் அடுக்கு விஷயத்தில் என் நிலை மாறவில்லை. 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8-ஐப் பாருங்கள். டிசிபி ஸ்ட்ரக்சர்களில், சேர்ந்து பயன்படும் ஃபீல்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தினார்கள். ஏராளமான இணைப்புகள் ஒரே நேரத்தில் ஓடும் சூழலில் 40 சதவீதம் வரை வேகம் கூடியது. அடுக்குக்கு இவ்வளவு பலம் என்றால், அதைக் கட்டாமல் கோட் மாற்றத்தின் விளைவை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மதகு:
அது டேட்டாவின் அடுக்கு. யாரோ யோசித்து எழுதிய பேட்ச், எந்த பூட்டிலும் அப்படியே இருக்கும். நாம் பேசுவது லிங்கர் தற்செயலாக வைத்த கோடின் அடுக்கு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள் தம்பி.

பேஜ் எல்லை யோசனையிலும் எனக்கு உறுத்துவது ஒன்று. ஃபைல்களுக்கு நடுவே வெற்றிடம் விட்டால் கர்னல் பெருத்து அதிகப் பேஜ்களில் பரவுகிறது, பேஜ் முகவரிகளை நினைவில் வைக்கும் டிஎல்பி என்ற சிபியு பகுதி மீது சுமை கூடும். இன்னொரு பக்கம், கோட் பருத்துக் கேஷை நிறைத்ததால் வந்த உண்மையான இழப்பு உங்கள் கர்னலில் வேறு அளவில் தெரியும், தெரியாமலும் போகலாம். பயனருக்கோ அந்த இழப்பு தினமும் இருக்கும்.

பொட்டலம்:
சரி, தேடுவதற்கு மட்டும் எல்லை கட்டிய கர்னலை வைத்துக்கொள்கிறேன். சந்தேகக் கமிட் கிடைத்ததும், அதற்கு முந்தைய சோர்ஸையும் அதையும் கலைத்த கர்னலாகவே பல ரீபூட்களில் ஓட்டுவேன். இரண்டு எண் தொகுப்புகளும் தெளிவாக விலகி நின்றால்தான் கமிட் செய்தவருக்கு மெயில் போகும். எல்லா எண்களையும் கூடவே வைப்பேன், சராசரியை மட்டும் அல்ல.

மதகு:
மெயில் அனுப்பும் முன் இப்படிச் சரிபார்ப்பீர்கள் என்றால் அந்தப் பாதிக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. தினசரி வரைபடம் மட்டும் கலைத்த கர்னலில்தான் ஓட வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரீபூட் நேரம்தான் தடை என்றால், 10 கிகாபிட் கார்டோடு என்னிடம் சும்மா இருக்கும் ஒரு மெஷினைத் தருகிறேன். அதே கார்டு, அதே ஃபர்ம்வேர் உங்களிடமும் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.