படுக்கையில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிவது ஏன்?

கேட்பவர்: எக்ஸ்ரே டெக்னீஷியன், கோத்தகிரி
வணக்கம். சென்ற மாதம், தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி மூச்சுத்திணறலோடு வந்தார். அவரால் நிற்க முடியாததால் முதுகுக்கடியில் கேசட்டை (படம் பதியும் தகட்டை) வைத்து, போர்ட்டபிள் எந்திரத்தில், கேசட்டிலிருந்து 100 செ.மீ. தூரத்தில் ஏபி படம் (கதிர் மார்பின் முன்புறமிருந்து முதுகு நோக்கிச் செல்வது) எடுத்தேன். இதயம் வீங்கியிருப்பதாகக் கருதி அன்றிரவே அவரைக் கோவைக்கு அனுப்பினார்கள். அங்கே நிற்கவைத்து எடுத்த பிஏ படத்தில் (கதிர் முதுகிலிருந்து மார்பு நோக்கிச் செல்வது) இதயம் இயல்பான அளவில் இருந்தது. என் படத்தில் முன்விலா எலும்புகளும் மங்கலாகவே இருந்தன. நான் எங்கே தவறினேன்?

பதில்: குன்னூர்
அளவு பெரிதானது தூரத்தின் விளைவு. உங்கள் தவறு என்று சொல்ல மாட்டேன். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால், ஏபி படத்தில் அது கேசட்டிலிருந்து விலகி நிற்கிறது. அந்த விலகல் 15 செ.மீ. என்று கொண்டால், 100-ஐ 85-ஆல் வகுக்க, நிழல் ஏறத்தாழ 18 சதவீதம் பெரிதாகும். பிஏ படத்தில் தூரம் 180 செ.மீ., விலகல் 5 செ.மீ. என்றால் பெருக்கம் 3 சதவீதம்தான். படுத்திருக்கும்போது உதரவிதானம் மேலேறி இதயத்தை அகலமாகவும் காட்டும். ஆகவே, இதய அகலம் மார்பின் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலைப் படுக்கைப் படத்துக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

பதில்: உதகை
குன்னூர் நண்பர் சொன்ன கணக்கு சரி. ஆனால் மங்கலுக்கு அது போதாது. ஃபோகல் ஸ்பாட் (டியூபில் கதிர் புறப்படும் இடம்) 1.2 மி.மீ., முன்விலா 20 செ.மீ. விலகல் என்றாலும் விளிம்பு மங்கல் 0.3 மி.மீ.தான் வரும். நான் அசைவையே சந்தேகிக்கிறேன். 20 மில்லிஆம்பியர் எந்திரத்தில் 4 எம்ஏஎஸ் (மில்லிஆம்பியரை விநாடியால் பெருக்கிய கதிரளவு) கொடுக்க 0.2 விநாடி ஆகும். மூச்சுத்திணறும் ஒருவர் அதற்குள் அசைந்துவிடுவார். மார்கழிக் காலையில் சட்டையைக் கழற்றியதும் முதியவர்கள் நடுங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். கேசட்டின் மேல் மெல்லிய துணி ஒன்றை விரித்து, டியூபைச் சரிசெய்து முடிக்கும் வரை கம்பளியைப் போர்த்தியே வைத்திருங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. டியூபை 120 செ.மீ.க்கு உயர்த்தலாமா?

பதில்: உதகை
உயர்த்தினால் பெருக்கம் 18-லிருந்து 14 சதவீதமாகக் குறையும். ஆனால் எம்ஏஎஸ் 1.44 மடங்கு தேவைப்படுவதால் நேரமும் 0.29 விநாடியாக நீண்டு அசைவு கூடும். மூச்சை அடக்க முடிந்தவருக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு படத்திலும் ‘ஏபி, படுத்த நிலை, 100 செ.மீ.’ என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால், பாட்டியை இரவோடிரவாக மலையிறக்குமுன் மருத்துவர் ஒருமுறை யோசித்திருப்பார்.